டர்பனில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழ் வகுப்புக்கும் கோயிலுக்கும் வருகிற பெற்றோரும் பிள்ளைகளும் வருஷா வருஷம் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை; ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

"இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்னா என்னங்க? கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற படிப்பா?"

இல்லை. ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது, அதற்கு என்ன தகவல் வேண்டும், அந்தத் தகவல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் தப்பாகிறது என்று பார்த்து, அதற்கேற்ற கணினி அமைப்பைத் திட்டமிடும் படிப்பு. புரோகிராமிங் உண்டு, டேட்டாபேஸ் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் வருவது அந்த வேலையைப் புரிந்துகொள்வது.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ஒரு மசாலாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லறை வியாபாரம் ஒரு பக்கம். உணவகங்களுக்குக் கடனுக்கு மொத்தமாகக் கொடுப்பது இன்னொரு பக்கம். அரிசிக்கும் உலர்ந்த பருப்புக்கும் வாட் வரி 0%, மசாலாத் தூளுக்கு 15%. வரியோடு சேர்த்து 115 ராண்டுக்கு விற்ற தூளில் வரி 15 ராண்ட். 115-க்கு 15 சதவீதம் என்று கணக்குப் போட்டு 17.25 என்று எழுதினால் தப்பு. இப்படிப்பட்ட விஷயங்களைக் கடைக்காரரோடு உட்கார்ந்து கேட்காமல் எழுதுகிற பில்லிங் மென்பொருள் முதல் மாதமே கவுண்டரில் சண்டையை இழுத்துவிடும். இந்தக் கடை கீழே இன்னும் சில பதில்களிலும் வரும்.

"அப்போ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுல எது பெரிசு?"

பெரிசு சிறிசு இல்லை, திசைதான் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பெரும்பாலும் பிஎஸ்சி. கணிதம் அதிகம், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் என்று கணினிக்குள்ளே போகும். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பெரும்பாலும் பிகாம். முதல் வருஷத்தில் அக்கவுண்டிங், எகனாமிக்ஸ், புள்ளியியல் கூடவே வரும். இரண்டாம் வருஷம் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ், டேட்டாபேஸ், புரோகிராமிங். மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டும் ஒரு பெரிய செய்முறைத் திட்டமும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இதை இன்ஃபர்மாட்டிக்ஸ் என்பார்கள். பெயர் எதுவானாலும், அந்த வருஷத்து ஹேண்ட்புக்கில் மூன்று வருஷப் பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவு என்பது அதில் தெரிந்துவிடும்.

"டர்பனை விட்டு அனுப்ப மனசு வரல. இங்கேயே எங்க படிக்கலாம்?"

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பிகாமில் இதை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். தாத்தாக்கள் 'யூடிடபிள்யூ' என்று சொல்லும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 2004-ல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவானதுதான் இது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) டிப்ளோமாக்கள் உண்டு. அது 2002-ல் எம்எல் சுல்தான் டெக்னிகானும் நட்டால் டெக்னிகானும் சேர்ந்து பிறந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் யுனிசா தொலைக்கல்வி இருக்கிறது.

டிகிரிக்கும் டிப்ளோமாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருஷ டிகிரி தேசியத் தகுதி அளவில் 7-ஆம் படி. மூன்று வருஷ டிப்ளோமா 6-ஆம் படி. டிப்ளோமாவுக்குப் பிறகு ஒரு வருஷம் அட்வான்ஸ்டு டிப்ளோமா முடித்தால் 7-க்கு வரலாம், அங்கிருந்து 8-க்கும் போகலாம். பாதை கொஞ்சம் நீளம், ஆனால் அடைபட்ட பாதை இல்லை.

"எங்க பொண்ணு மேத்ஸ் லிட்ல 85 வாங்குறா. பிகாம் கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். கணிதமும், மேத்ஸ் லிட் எனும் கணித எழுத்தறிவும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வேறு வேறு பாடம். மேத்ஸ் லிட்டில் 85 வாங்கினாலும், கணிதத்தில் 55 வாங்கியவர் நுழையும் கதவு திறக்காது. இந்தப் பிரிவுக்குக் கணிதத்தில் 4 அல்லது 5-ஆம் நிலை, அதாவது 50 அல்லது 60 சதவீதம் கேட்பதுதான் வழக்கம். கேப்டவுன் போன்ற இடங்களில் அதற்கும் மேலே கேட்பார்கள்.

பத்தாம் வகுப்பில் "மார்க் கூட வரும்" என்று மேத்ஸ் லிட்டுக்கு மாற்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. பிள்ளைக்கு இந்தத் துறையில் துளி ஆசை இருந்தாலும், டியூஷன் வைத்தாவது கணிதத்தில் நிற்க வையுங்கள். ஏற்கெனவே மேத்ஸ் லிட் என்றால், சில டிப்ளோமாக்களும் ஹையர் சர்டிஃபிகேட்டுகளும் உயர்ந்த மதிப்பெண்ணோடு அதை ஏற்கின்றன. அங்கிருந்து மேலே சொன்ன படிகளில் ஏறலாம்.

"ஏபிஎஸ் புள்ளி எப்படிக் கூட்டுறது? மெட்ரிக்ல தமிழ் எடுத்தா புள்ளி குறையுமா?"

மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, மதிப்பெண் ஏழு நிலைகளாகப் பிரியும்: 80-க்கு மேல் 7, 70-க்கு மேல் 6, இப்படி இறங்கி 30-க்குக் கீழே 1. ஆறு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் ஏபிஎஸ், அதாவது பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி. லைஃப் ஓரியன்டேஷன் என்ற கட்டாயப் பாடத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கூட்டுவதில்லை. சில இடங்களில் நிலைக்குப் பதிலாகச் சதவீதத்தையே கூட்டுவார்கள். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

தமிழைக் கட்டாயமான ஏழு பாடங்களுக்கு மேலே எட்டாவதாக எடுத்தால், சிறந்த ஆறை மட்டும் எண்ணும் இடங்களில் குறைந்த மதிப்பெண் உங்களைக் கீழே இழுக்காது; நல்ல மதிப்பெண் வந்தால் பலவீனமான ஒரு விருப்பப் பாடத்தின் இடத்தைப் பிடிக்கும். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மாற்றாக மட்டும் நிற்காது. தமிழை விடச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

"நான் ஸ்கூல்ல ஐடி எடுக்கல, கேட்தான் எடுத்தேன். பின்தங்கிடுவேனா?"

முதல் ஆறு வாரம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான். ஐடி பாடத்தில் புரோகிராமிங் உண்டு. கேட் என்பது வேர்டு, எக்செல், ஆக்சஸ் போன்றவற்றைப் பயன்படுத்தக் கற்பது. பல்கலைக்கழகம் அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரி விடுமுறையில் பைத்தான் என்ற நிரல் மொழியில் வேரியபிள், நிபந்தனை, லூப், ஃபங்ஷன் இந்த நான்கையும் பழகிக்கொள்ளுங்கள். வீடியோ பார்ப்பது பழக்கம் ஆகாது. தினமும் ஒரு சின்னக் கணக்கை நீங்களே டைப் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"ரிசல்ட் வந்தப்புறம் அப்ளை பண்ணிக்கலாமா?"

கூடாது. குவாசுலு-நட்டாலில் உள்ள பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். மெட்ரிக் படிக்கும் வருஷத்திலேயே, செப்டம்பருக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். தற்காலிக இடம் பதினொன்றாம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் தருவார்கள். அந்த வருஷத்தைச் சும்மா விட்டவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

விருப்ப வரிசை முக்கியம். உண்மையிலேயே வேண்டியதை முதலில் போடுங்கள். பிகாம், கம்ப்யூட்டர் சயின்ஸ், டிப்ளோமா என்று நுழைவு மதிப்பெண் வேறுபடும் மூன்றிலும் ஒன்றாவது இருக்கட்டும்.

"என்எஸ்எஃப்ஏஎஸ் கிடைக்கும்னு நம்பலாமா? எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்துப் பாப்பாங்களா?"

என்எஸ்எஃப்ஏஎஸ் என்பது அரசின் மாணவர் நிதி உதவி. அதற்கு இரண்டு சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு 6,00,000 வரை. சிஏஓவில் விண்ணப்பித்தால் இதற்கும் விண்ணப்பித்ததாக ஆகாது. இது தனி விண்ணப்பம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்.

வருமானம் கொஞ்சம் தாண்டுகிற குடும்பங்கள்தான் திண்டாடுகின்றன. நிறுவனங்களின் பர்சரி (படிப்பு உதவித்தொகை), வங்கிக் கல்விக் கடன் இரண்டையும் மெட்ரிக் வருஷமே தேடத் தொடங்குங்கள். பர்சரி ஒப்பந்தத்தில் 'எத்தனை வருஷம் படிக்க வைக்கிறோமோ அத்தனை வருஷம் எங்களிடம் வேலை' என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

"நாங்க வேலை விசாவுல கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கோம். பையன் அங்க பிளஸ் டூ முடிச்சான். என்ன செய்யணும்?"

மூன்று வேலை. இந்தியப் பள்ளிச் சான்றிதழோடு டிகிரியில் சேர, மெட்ரிக்குக்கு இணையான விலக்குச் சான்று வேண்டும். அதை யுனிவர்சிட்டீஸ் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் மெட்ரிகுலேஷன் போர்டு கொடுக்கிறது. இரண்டாவது, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தனியாக ஸ்டடி விசா எடுக்க வேண்டும். மூன்றாவது, தென்னாப்பிரிக்காவில் பதிவான மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு). ஊரிலிருந்து எடுத்து வரும் பயணக் காப்பீட்டை ஏற்க மாட்டார்கள்.

ஸ்டடி விசாவில் வாரத்துக்கு 20 மணி வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி இந்த விசாவுக்குக் கிடையாது. முழுக் கட்டணத்துக்கும் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

"எந்த லேப்டாப் வாங்கலாம்? மேக் வாங்கிக் கொடுன்னு அடம் பிடிக்கிறான்."

விண்டோஸ், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் மூன்று வருஷமும் ஓடும். கையில் பணம் இல்லையென்றால் 8 ஜிபியில் தொடங்கி, ரேம் கூட்டிக்கொள்ள வசதியுள்ள மாடலாக வாங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொட்ட வேண்டாம். மேக்கில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கிடையாது. விண்டோஸில் உள்ள முழு விஷுவல் ஸ்டுடியோவும் கிடையாது. உங்கள் வகுப்பில் இவை இரண்டும் இருந்தால் ஒவ்வொரு செய்முறைக்கும் லேபுக்கு ஓட வேண்டி வரும். குரோம்புக் வேண்டவே வேண்டாம்.

"வாரத்துக்கு எவ்வளவு நேரம் படிக்கணும்? பார்ட்-டைம் வேலையும் பாக்கணும்."

ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் 160 மணி. ஒரு செமஸ்டரில் அப்படி நான்கு பாடம் 640 மணி. தேர்வையும் சேர்த்துப் பதினாறு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி. இதில் வகுப்பு, டுடோரியல், லேப், சொந்தப் படிப்பு எல்லாம் அடக்கம். வார இறுதியில் ஒரு நாள் கடை வேலை தாங்கும். வாரம் 20 மணிக்குப் போனால் புரோகிராமிங் பாடம்தான் முதலில் சரியும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து தேற முடியாத பாடம் அது.

"கம்ப்யூட்டர் படிக்க வந்தவங்களுக்கு எதுக்கு அக்கவுண்டிங்?"

மேலே சொன்ன மசாலாக் கடைக்கே திரும்பிப் போவோம். 2018 ஏப்ரல் 1-ல் வாட் 14-லிருந்து 15 சதவீதமானது. '14' என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே பத்து இடத்தில் எழுதியிருந்தால் பத்தையும் தேடி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு மார்ச் மாதத்துப் பொருளை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், 14 சதவீதத்தில் வசூலித்ததை 15-ல் திருப்பிக் கொடுக்கும் நிலை வரும். 2025-ல் மே 1 முதல் 15.5 என்று அறிவித்து, ஏப்ரல் கடைசி வாரத்தில் அதை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் மாற்றத் தொடங்கியிருந்த கடைகள் பழையபடி திருப்ப வேண்டியிருந்தது. வரி விகிதத்தை 'எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை' என்ற விவரத்தோடு தனி அட்டவணையில் வைத்தவர்களுக்கு இது அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிசையை மாற்றும் வேலை.

கிரெடிட் நோட் (பொருள் திரும்பி வந்தால் எழுதும் சீட்டு), பற்று, வரவு, மாதக் கடைசி முடிப்பு இவை தெரியாதவருக்கு இந்த அட்டவணை எதற்கென்றே தோன்றாது. அக்கவுண்டிங் அதற்காகத்தான்.

"டேட்டாபேஸ்ல நார்மலைசேஷன்னு ஒண்ணு மண்டையிலயே ஏற மாட்டேங்குது."

விதிகளை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, தப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். நம் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் வைத்திருக்கிறார்: பில் எண், தேதி, வாடிக்கையாளர், ஃபோன், பொருள், விலை, அளவு. ஒரு உணவகம் 40 வரிகளில் வருகிறது. அவர்கள் ஃபோன் எண் மாறியதும் 39 வரியில் மாற்றி ஒன்றை விட்டுவிட்டால், எது சரியான எண்? ஒரே ஒரு முறை வாங்கியவரின் பில்லை நீக்கினால் அவர் ஃபோன் எண்ணும் சேர்ந்து போய்விடும். இன்னும் விற்காத புதுப் பொருளை எழுத இடமே இல்லை. இந்த மூன்று தொல்லைகளும் போக, வாடிக்கையாளர், பொருள், பில், பில் வரி என்று நான்கு அட்டவணையாகப் பிரிக்கிறோம். 'பில் வரி' என்றால் டாக்ஸ் இல்லை, பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் வரும் ஒரு வரிசை. நார்மலைசேஷன் இதுதான்.

ஒரு கண்ணி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் வரியில் விற்ற அன்றைய விலை இருக்க வேண்டும். "பொருள் அட்டவணையில்தான் விலை இருக்கிறதே, இது இரட்டிப்பு" என்று நீக்கினால், இன்று விலையை ஏற்றியதும் போன வருஷத்து பில்லெல்லாம் மாறிவிடும். தேர்வில் மதிப்பெண் போவது அடிக்கடி இந்த இடத்தில்தான்.

"ஆளுக்கு ஒரு ஐடி நம்பர் இருக்கே, அதையே பிரைமரி கீயா வெச்சா என்ன?"

பிரைமரி கீ என்பது அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் சாவி. அடையாள எண்ணை அப்படி வைக்க வேண்டாம். நம் 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்று தெரியும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். இதைச் சாவியாக வைத்தால் அந்தத் தனிப்பட்ட விவரம் ஒவ்வொரு அட்டவணைக்கும், ஒவ்வொரு அறிக்கைக்கும் பரவும். நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவருக்கு அந்த எண்ணே கிடையாது. நீங்களாக ஒரு வாடிக்கையாளர் எண் கொடுத்துக்கொள்ளுங்கள்.

சேமித்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தாக, அதாவது டெக்ஸ்ட்டாகச் சேமியுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0-வில் தொடங்கும். எண்ணாகச் சேமித்தால் அந்த 0 காணாமல் போய் 12 இலக்கம் அல்லது அதற்கும் குறைவாக நிற்கும். 2004 மே மாதம் பிறந்தவரின் எண்ணை எக்செலில் திறந்தால் 4.05E+11 என்று அடுக்குக்குறி போட்டுக் காட்டும். 083-ல் தொடங்கும் செல்ஃபோன் எண்ணிலும் முதல் 0 இப்படித்தான் காணாமல் போகும்.

"ஒரே ஒரு பாடம்தான் ஃபெயில். அதுக்கு ஏன் ஒரு வருஷம் கூடுது?"

பாடங்கள் சங்கிலியாக இருப்பதால். முதல் செமஸ்டர் புரோகிராமிங் தேறினால்தான் அடுத்தது. அது தேறினால்தான் இரண்டாம் வருஷம். பல பாடங்களை வருஷத்தில் ஒரு செமஸ்டரில் மட்டுமே நடத்துவதால், தவறினால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி குறைந்தபட்ச காலத்துக்கு மேல் ஒரு வருஷம்தான் நீளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிபி என்ற தகுதியையும் மறக்க வேண்டாம். வருகை, டெஸ்ட், அசைன்மென்ட் இவற்றில் குறைந்தபட்ச அளவு இல்லையென்றால் தேர்வு எழுதவே விட மாட்டார்கள். தேர்வில் கொஞ்சத்தில் தவறியவருக்கு சப்ளிமென்டரி (மறுதேர்வு) உண்டு. டிபி போனவருக்கு அதுவும் இல்லை.

"குரூப் ப்ராஜெக்ட்ல மத்தவங்க வேலையே செய்யல. என்ன பண்றது?"

முதல் வாரமே யார் எதைச் செய்வது என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நிரலை கிட் (Git) என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளில் வைத்து, அவரவர் தங்கள் பெயரிலேயே கமிட் (பதிவு) செய்யட்டும். யார் என்றைக்கு என்ன செய்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒவ்வொரு நாளும் புஷ் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால், கரண்ட் போனாலும் லேப்டாப் திருட்டுப் போனாலும் வேலை போகாது. புகாரை ஆகஸ்டிலேயே ஆசிரியரிடம் கொண்டு போங்கள். அக்டோபர் கடைசியில் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"மாமா கடையோட உண்மையான கணக்கை எடுத்து ப்ராஜெக்ட் பண்ணலாம்ல?"

கடையின் வேலைமுறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்; வாடிக்கையாளர் விவரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. பாப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம், அது விழுவது மாமாவின் தலையில். கடனுக்கு வாங்கியவர்கள் தங்கள் பெயரைக் கடைக்குத்தான் கொடுத்தார்கள், வகுப்புக்குக் கொடுக்கவில்லை.

அட்டவணையின் வடிவத்தை மட்டும் எடுத்து, பெயர், ஃபோன், அடையாள எண் எல்லாவற்றையும் கற்பனையாக நிரப்புங்கள். ஊழியர்களிடம் பேட்டி எடுத்து ஆய்வாக எழுதப் போகிறீர்கள் என்றால், பேட்டிக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் அனுமதி வாங்க வேண்டும். பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள்.

"படிச்சு முடிச்சா என்ன வேலை? ஆனர்ஸ் கட்டாயமா?"

பிசினஸ் அனலிஸ்ட், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், டெஸ்டர், ஐடி ஆடிட்டர். டர்பனில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்குப் போக்குவரத்து, ப்ராஸ்பெக்டன் பக்கத்து வாகனத் தொழில், சில்லறை வணிகத் தலைமையகங்கள் இவர்களைத் தேடும். வங்கி, காப்பீடு என்றால் ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன்.

ஆனர்ஸ், அதாவது டிகிரிக்குப் பிறகு படிக்கும் 8-ஆம் படி, கட்டாயம் இல்லை. ஆனால் மாஸ்டர்ஸ் போக அது வேண்டும், முதல் வேலைக்கும் கை கொடுக்கும். ஐடி ஆடிட் பக்கம் போகிறவர்கள் சிஸா என்ற தகவல் அமைப்புத் தணிக்கையாளர் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். 150 கேள்வி, 4 மணி நேரம். சான்றிதழ் கைக்கு வர ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள். டிகிரி இருந்தால் அதில் கொஞ்சம் கழியும்.

"ஏஐயே எல்லா கோடும் எழுதிடுதே. இனிமே இதைப் படிச்சு என்ன?"

நம் கடையில் ஒரு பில்லில் மூன்று பொருள், அதனால் மூன்று பில் வரி; பணம் இரண்டு தவணையாக. 'வாடிக்கையாளர் எவ்வளவு கட்டியிருக்கிறார்' என்று கேட்டால், பில், பில் வரி, பணம் மூன்று அட்டவணையையும் ஜாயின் செய்து, அதாவது இணைத்து, கூட்டும் ஒரு எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) கேள்வியை ஏஐ எழுதித் தரலாம். ஓடும், பிழை காட்டாது. ஆனால் மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரி வரும்; ஒவ்வொரு தவணையும் மூன்று முறை எண்ணப்படும். 500, 300 என்று 800 ராண்ட் கட்டியவர் 2,400 கட்டியதாகக் கணக்கு காட்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. கூட்டும் முன் ஒரே ஒரு பில்லை எடுத்து எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். கடையின் கையெழுத்து ரசீதோடு ஒப்பிடுங்கள். பிறகு பணத்தை பில் வாரியாக முதலில் தனியாகக் கூட்டிவிட்டு அப்புறம் ஜாயின் செய்யுங்கள். எந்த பில்லை எடுப்பது, எந்த ரசீதோடு ஒப்பிடுவது என்பது அந்தக் கடையைத் தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.